மேடையை விட்டு இறங்கு, பாடத்துக்கு உட்கார்!

2025 மார்ச் 8. லண்டன் ஹேமர்ஸ்மித் பகுதியில் உள்ள ஈவென்டிம் அப்பல்லோ அரங்கம். ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு மேடையில் அணிவகுத்து உட்கார்ந்திருக்கிறது. கண்டக்டர் மிக்கேல் டாம்ஸ் கையை உயர்த்துகிறார். 'வேலியன்ட்' என்னும் சிம்பொனி தொடங்குகிறது. எந்த வயலின் எந்த நொடியில் எந்தச் சுரத்தைத் தொட வேண்டும், எந்த டிரம்பெட் எங்கே வாய்மூடி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தவர் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. அன்று அவருக்கு வயது 81.

இந்தச் செய்தியைப் புதுவையின் பாகூர் டீக்கடையிலும் வில்லியனூர் பேருந்து நிறுத்தத்திலும் கைப்பேசியில் பார்த்துப் பூரித்தவர்கள் ஏராளம். "ராஜா ராஜாதான்யா! பிறவி மேதை. நமக்கெல்லாம் எட்டுமா அது?" என்று சொல்லிவிட்டுக் கிளாஸை வைத்துவிட்டுப் போனவர்களும் ஏராளம்.

எனக்குக் கோபம் வருவது அந்தக் கடைசி வாக்கியத்தில்தான்.

பிறவி மேதை என்று ஒருவரைக் கும்பிட்டுவிட்டால் நம் வேலை சுலபமாகிவிடுகிறது. அவர் பட்ட பாட்டை நாம் படவேண்டியதில்லை. அவர் உட்கார்ந்து படித்ததை நாம் படிக்கவேண்டியதில்லை. "அவருக்கு இருந்தது, நமக்கு இல்லை" என்று கணக்கை முடித்துவிடலாம். இது பக்தி இல்லை தம்பி, தப்பித்தல்!

அவர் வாழ்க்கையை ஒருமுறை ஒழுங்காகப் பார். அதில் மேதைமையைவிடப் பெரிதாக ஒன்று தெரியும். ஏற்கெனவே கைதட்டு வாங்கிப் பழகிய ஒருவர், மேடையை விட்டு இறங்கிவந்து ஒன்றாம் பாடத்துக்கு உட்கார்ந்த துணிச்சல் அது. தன்னம்பிக்கை என்று நான் சொல்வது அதைத்தான்.

இருபத்தைந்து வயதில் முதல் பாடம்

1943-இல் அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். தந்தை ராமசாமி, தாய் சின்னத்தாய். பள்ளிக்கூடத்தில் அவர் பெயர் ராசையா. பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராசனின் பாட்டுக்குழுவில் சேர்ந்தார். கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, நாடகம் என்று ஊர் ஊராக அலைந்த குழு. ஏறத்தாழப் பத்தாண்டு ஆர்மோனியத்தோடு சுற்றிய கை அது. எந்த மெட்டுக்குக் கூட்டம் ஆடும், எந்த இடத்தில் கைதட்டு விழும் என்பது அவருக்கு அத்துப்படி.

1968-இல் சென்னைக்குப் புறப்பட்டார். வீட்டிலிருந்த ரேடியோவை விற்று அம்மா 400 ரூபாய் கொடுத்து அனுப்பியதை அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். தனக்கென்று அதில் ஒரு ரூபாய்கூட அந்தத் தாய் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

பத்தாண்டு மேடை அனுபவம் உள்ள ஒரு இளைஞன் சென்னையில் இறங்கியதும் என்ன நினைப்பான்? "எனக்கு எல்லாம் தெரியும், வாய்ப்பு ஒன்றுதான் பாக்கி" என்று நினைப்பான். இன்றைக்கு நம் ஊரில் நான்கு திருவிழாவில் கீபோர்டு வாசித்தவன் நினைப்பது அப்படித்தான். ராசையா அப்படி நினைக்கவில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் போய் உட்கார்ந்தார். மேற்கத்திய இசையின் அரிச்சுவடியை அங்கே தொடங்கினார். ஐந்து கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளி வைத்துப் படிக்கும் ஸ்டாஃப் நொட்டேஷன். ஒன்றுக்கொன்று எதிராக ஓடும் இரண்டு மெட்டுகளை மோதாமல் பின்னும் கவுன்டர்பாயின்ட். சுரங்களை அடுக்கி எழுப்பும் ஹார்மனி. பாக், மோட்சார்ட், பீத்தோவன் எழுதிய தாள்கள். அந்த மாஸ்டர்தான் ராசையாவை ராஜா ஆக்கினார். பெயரிலும் சரி, படிப்பிலும் சரி.

அதோடு விடவில்லை. லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வை அஞ்சல் வழியில் படித்து எழுதி, கிளாசிக்கல் கிட்டாரில் தங்கப் பதக்கம் வாங்கினார். லண்டனுக்குப் போகாமலேயே லண்டன் தேர்வில் வென்ற காலம் அது. இன்னொரு பக்கம் வயிற்றுப்பாட்டுக்கு சலில் சௌத்ரியின் குழுவில் வாசித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். பகலில் ஸ்டூடியோ, மீதி நேரத்தில் பாடம்.

அவருடைய முதல் படமான 'அன்னக்கிளி' வந்தது 1976-இல். 1968-க்கும் 1976-க்கும் நடுவில் எட்டு ஆண்டு. அந்த எட்டு ஆண்டில் அவர் முகம் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை. 'அன்னக்கிளி'யின் முதல் பாட்டுப் பதிவு தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சகுனம் பார்க்கிறவன் அன்றைக்கே ஊருக்கு வண்டி ஏறியிருப்பான். எட்டு ஆண்டு படித்தவன் சகுனத்துக்குப் பயப்படமாட்டான். மின்சாரம் போனால் திரும்பி வரும். படித்த படிப்பு எங்கேயும் போகாது.

உன்னைக் கேட்கிறேன். நீ எட்டு மாதமாவது ஒரு குருவின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாயா?

அந்தத் தாளில் என்ன இருக்கிறது?

சிம்பொனி என்றால் ஏதோ பெரிய சத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது ஒரு எழுத்து வேலை. பெரும்பாலும் நான்கு பகுதிகள். வேகமும் மனநிலையும் மாறி மாறி வரும். மேடையில் எழுபது, எண்பது பேர். வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் என்று தந்திக் கருவிகள் ஒரு குடும்பம். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் இன்னொரு குடும்பம். ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா மூன்றாவது. டிம்பனியும் மற்றத் தாளக்கருவிகளும் நான்காவது. இத்தனை பேருக்கும் வரி வரியாக ஒரே தாளில் எழுத வேண்டும். அதுதான் ஸ்கோர்.

அதற்குள்ளும் எத்தனை நுணுக்கம்! பி-ஃபிளாட் கிளாரினெட்டுக்கு 'சி' என்று எழுதினால் காதில் விழுவது பி-ஃபிளாட். எஃப் ஹார்னுக்கு அதே 'சி'யை எழுதினால் கேட்பது 'எஃப்'. வயோலாவுக்கு வேறு கிளெஃப். டிரம்பெட்காரர் எத்தனை நொடி மூச்சுப் பிடிப்பார், வயலின்காரரின் வில் எங்கே திரும்பும் என்பதெல்லாம் எழுதுகிறவன் கணக்கில் இருக்க வேண்டும். இளையராஜா வாத்தியத்தைத் தொடாமலேயே மனத்துக்குள் கேட்டு நேரடியாகத் தாளில் எழுதுகிறவர் என்பதை அவரோடு வாசித்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். நமக்கு அது மாயம் போலத் தெரிகிறது. எட்டு ஆண்டு பாடமும், அதற்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு எழுதிய பழக்கமும் சேர்ந்தால் மாயம் வரத்தான் செய்யும்.

இங்கே ஒன்றைக் கவனி. அந்த லண்டன் இசைக்கலைஞர்கள் தாளை மட்டுமே பார்த்தார்கள். எழுதியவரின் ஊர் பெரிதா சிறிதா, அப்பா என்ன வேலை பார்த்தார், எந்தத் தெருவில் வீடு என்று தாளில் எந்தக் கோட்டிலும் எழுதியிருக்காது. சரியாக எழுதியிருந்தால் வாசிப்பார்கள். தப்பாக எழுதியிருந்தால் நிறுத்திக் கேட்பார்கள். காலம் காலமாகப் பிறப்பைக் கேட்டே கதவைச் சாத்திய நாட்டில், பிறப்பைக் கேட்காத ஒரு தாளைப்போல விடுதலை தருவது வேறு என்ன இருக்கிறது?

சக்கரம் செய்தவரின் மகன்

சிம்பொனியின் தந்தை என்று உலகம் ஒருவரைச் சொல்கிறது. ஜோசப் ஹைடன். 1732-இல் ஆஸ்திரியாவின் ரோராவ் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா வண்டிச் சக்கரம் செய்கிறவர். அம்மா ஒரு பிரபுவின் மாளிகையில் சமையல் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு ஹார்ப் வாசிக்கத் தெரியும். ஒரு நோட்டைக்கூடப் படிக்கத் தெரியாது. நம் ஊரில் கேள்வி ஞானத்தில் வெளுத்து வாங்கும் எத்தனையோ அப்பாக்களைப்போல ஒருவர்.

நல்ல குரல் இருந்ததால் சிறுவன் ஹைடனை வியன்னாவின் பெரிய தேவாலயத்தில் பாடகனாகச் சேர்த்தார்கள். பதின்வயதின் முடிவில் குரல் உடைந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கையில் காசில்லை. கூரைக்கு அடியில் இருந்த அறையில் குடியிருந்துகொண்டு, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டு, ஃபுக்ஸ் என்பவர் 1725-இல் எழுதிய கவுன்டர்பாயின்ட் புத்தகத்தை வைத்துத் தனக்குத்தானே வாத்தியாரானார். அப்புறம் எஸ்டர்ஹாசி என்ற பிரபு குடும்பத்தில் முப்பது ஆண்டுக்கு நெருக்கமாகச் சம்பள வேலை. 1791 புத்தாண்டு நாளில் முதல்முறையாக இங்கிலாந்து மண்ணில் கால் வைத்தபோது அவருக்கு 58 வயது. இரண்டு பயணங்களில் லண்டனுக்காக அவர் எழுதிய பன்னிரண்டு சிம்பொனிகள் இன்றும் உலகமெங்கும் வாசிக்கப்படுகின்றன.

58 வயதில் ஒருவர். 81 வயதில் ஒருவர். ஒரே லண்டன். நீ 22 வயதில் "இனிமேல் என்னத்தைக் கத்துக்கிட்டு?" என்று கேட்கிறாய். கேட்கக் கூச்சமாக இல்லையா?

உன் கொம்யூனில் என்ன குறை?

"அதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு. இங்கே என்ன இருக்கிறது?" என்பது அடுத்த சாக்கு. நம் புதுவையின் கிராமப்புறக் கொம்யூன்களில் என்ன இல்லை என்று கேட்கிறேன்.

பாகூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டு. பாகூரில் நடந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாயைக் கொடுத்த செய்தியைச் சொல்கிறது அது. ஒரு கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்! சோற்றுக்குக் கவலையில்லாமல் படிப்பு நடக்க வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே யோசித்த மண் இது. அங்கே எல்லாரும் உட்கார முடிந்ததா? முடியாது. அன்றைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு நம்மில் பெரும்பாலோர். இப்போது கதவு திறந்திருக்கிறது. திறந்த கதவுக்கு முன்னால் நின்று தயங்குவது, அன்று உள்ளே போக முடியாமல் போன அத்தனை பேருக்கும் செய்யும் துரோகம்.

வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஆளுநரே வந்து வடம் பிடிக்கும் வழக்கமுள்ள தேர். தேருக்கு முன்னால் நாயனமும் தவிலும் முழங்குவதைத் தோளில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன் நீ. அதே ஊரில் லூர்து மாதா தேவாலயத் திருவிழா. அங்கே பாடகர் குழு. ஒரே ஊரில், ஒரே காதுக்குள், கீழ்த்திசையும் மேல்திசையும் விழுகின்றன. எந்தப் பட்டணத்துப் பிள்ளைக்கு இது வாய்க்கும்?

மாசி, பங்குனியில் தெருக்கூத்து பார்த்திருப்பாய். பக்கவாத்தியக்காரர் கையில் ஒரு சின்னக் குழல் இருக்கும்: முகவீணை. அதன் வாயில் இருப்பது இரட்டைச் சீவாளி. நாயனத்தில் இருப்பதும் அதுதான். லண்டன் மேடையில் ஓபோக்காரர் உதட்டில் வைத்து ஊதுவதும் இரட்டைச் சீவாளிதான். இசைக்குழு முழுவதும் சுருதி சேர்ப்பது அந்த ஓபோ கொடுக்கும் ஒற்றைச் சுரத்தை வைத்துத்தான். ஓபோவைத் தேவலோகத்து வாத்தியம் என்று நினைக்கிறவன், அதன் ஒன்றுவிட்ட தம்பி குருவிநத்தத்துக் கூத்துமேடையில் விடிய விடிய அழுதுகொண்டிருப்பதை மறந்துவிடுகிறான்.

வெளிநாட்டு வாத்தியம் நமக்கு ஒட்டாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இன்றைக்குக் கர்நாடக சங்கீதக் கச்சேரியில் வயலின் இல்லாத மேடை உண்டா? அந்த வயலினை ஐரோப்பியரிடம் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி பாலுசாமி தீட்சிதர். அவருடைய அண்ணன் முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு ஏறக்குறைய நாற்பது சாகித்தியம் செய்தார். நோட்டுசுரம் என்று இன்றும் குழந்தைகள் பாடுகின்றன. இருநூறு ஆண்டுக்கு முன்னால் கிடைத்ததைப் பயமில்லாமல் எடுத்துக்கொண்டவர்கள் நம் ஆட்கள். நமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தப் பயம்?

வெளிவராத சிம்பொனி

வெற்றிக் கதை சொல்கிறவர்கள் தாண்டிப் போகிற ஒரு பக்கம் உண்டு. அதைத்தான் நீ அதிகம் படிக்க வேண்டும்.

இளையராஜா 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பைத் தந்தார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்'. 1993-இல் லண்டனில் இதே ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்காக ஒரு சிம்பொனி எழுதினார். பதிவும் நடந்தது. தமிழ்நாடே கொண்டாடியது. அந்த இசை இன்றுவரை வெளிவரவில்லை.

யோசித்துப் பார். எழுதியாகிவிட்டது, வாசித்தாகிவிட்டது, ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கேட்கத்தான் முடியவில்லை. "சிம்பொனி எங்கே?" என்று கேட்டவர்கள் உண்டு, கேலி பேசியவர்களும் உண்டு. வேறொருவராக இருந்தால் அந்தச் சொல்லையே வெறுத்திருப்பார். இவர் தன் வேலையைப் பார்த்தார். 2005-இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு இணைத்துத் தந்தார். படங்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

2024 ஜனவரியில் மகள் பவதாரிணி மறைந்தார். எண்பது வயதில் மகளைப் பறிகொடுத்த தகப்பன், பேனாவை மூடிவைத்தால் யார் குறை சொல்வார்? அதே ஆண்டு, ஐந்து வாரங்களில் ஒரு சிம்பொனியை எழுதி முடித்துவிட்டதாக அறிவித்தார். அதுதான் 'வேலியன்ட்'.

1993-இலிருந்து 2025 வரை 32 ஆண்டு. ஒரு தேர்வில் தோற்றால் வாழ்க்கையே போயிற்று என்று படுத்துக்கொள்கிற தம்பி, காவலர் தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்ததால் யார் முகத்திலும் விழிக்காமல் இருக்கிற தங்கச்சி, இந்தக் கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டு. தோல்விக்கு மருந்து அடுத்த வேலை. ஆறுதல் வார்த்தை அல்ல, அடுத்த வேலை!

ஏரியும் வாய்க்காலும்

பாகூர் ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஏரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வந்தால்தான் நிறையும். வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் ஆற்றில் வெள்ளம் போனாலும் ஏரி வறண்டுதான் கிடக்கும். பங்காரி, சிங்காரி என்ற இரண்டு ஆடல் மகளிர் தங்கள் பொருளைச் செலவிட்டு வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் கதை சொல்வார்கள். ஆடிச் சம்பாதித்ததை மண்வெட்டியில் போட்ட பெண்கள்!

உன் திறமை ஏரி. தினசரிப் பயிற்சி வாய்க்கால். "எனக்குள் நிறைய இருக்கிறது" என்று ஏரியைக் காட்டிப் பெருமை பேசாதே. இன்றைக்கு எத்தனை மண்வெட்டி மண் எடுத்தாய் என்று சொல்.

இன்றைக்கே தொடங்கு

வெறும் வீராவேசம் பேசிவிட்டுப் போக நான் வரவில்லை. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, வேலையை விடாதே. சேதராப்பட்டில் ஷிஃப்டுக்குப் போகிறாயா, போ. திருபுவனையில் கம்பெனி வேலையா, பார். இளையராஜாவும் ஸ்டூடியோவில் வாசித்துச் சம்பாதித்துக்கொண்டேதான் படித்தார். சிம்பொனி எழுதிச் சோறு தின்னலாம் என்று உனக்கு ஆசை காட்டினால் நான் பொய்யன். உலகத்தில் எங்குமே இந்த இசையை எழுதிப் பிழைப்பது கடினம். பெரும்பாலோர் சொல்லிக்கொடுத்தோ, வாசித்தோ, படத்துக்கு எழுதியோதான் அடுப்பெரிக்கிறார்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து மிஞ்சும் ஒரு மணி நேரம் உன்னுடையது. அதைக் கைப்பேசிக்குத் தின்னக் கொடுக்காதே.

இரண்டாவது, ஒரு குருவைத் தேடு. அரியாங்குப்பத்தில் புதுவை அரசின் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. இசையும் நடனமும் ஓவியமும் முறையாகச் சொல்லித்தரும் கல்லூரி, உன் வீட்டிலிருந்து ஒரு பேருந்துத் தூரம். மேற்கத்திய இசை வேண்டுமென்றால் டிரினிட்டி கல்லூரியின் படிநிலைத் தேர்வுகளைச் சென்னையில் எழுதலாம். 2008-இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் சென்னையில்தான் இருக்கிறது. அந்த ரஹ்மானும் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தவர் என்பதை நினைவில் வை. ஒரு வாத்தியார் எத்தனை பேரை உருவாக்குகிறார் பார்!

மூன்றாவது, எழுதக் கற்றுக்கொள். உங்கள் ஊர்த் தவில்காரர் வாசிக்கும் ஒரு தீர்மானத்தை எழுதிப் பார். பம்பைக்காரர் அடிக்கும் ஒரு சுற்றை எழுது. நாற்று நடும்போது பாட்டி பாடிய மெட்டைக் கேட்டு, ஐந்து கோட்டில் புள்ளி வை. முதலில் தப்பாகத்தான் வரும். அடித்துவிட்டு மறுபடி எழுது. மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் இலவசம். நீ எழுதியதை உடனே வாசித்தும் காட்டும். ஹைடனும் பீத்தோவனும் எழுதிய ஸ்கோர்கள் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் ஒரு மாஸ்டரின் அலமாரியில் மட்டுமே இருந்த புதையல் இன்று உன் சட்டைப்பையில். ரேடியோவை விற்க வேண்டியதில்லை. ரீல்ஸை நிறுத்தினால் போதும்.

நான்காவது, கேட்கக் கற்றுக்கொள். ஒரு சிம்பொனியை எடு. முதல் நாள் வயலினை மட்டும் பின்தொடர். அடுத்த நாள் செல்லோவை மட்டும். அதற்கடுத்த நாள் ஓபோ எங்கே நுழைகிறது என்று பார். காதுக்கும் வயல்வேலைபோலப் பழக்கம் வேண்டும். பழகிவிட்டால் பாட்டைக் கேட்கிறவன் பாட்டின் எலும்பைப் பார்க்கத் தொடங்குவான். எழுதுகிறவன் பிறப்பது அங்கேதான்.

ஐந்தாவது, கேலிக்குக் காது கொடுக்காதே. "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா?" என்று கேட்க நம் ஊரில் ஆள் குறைவில்லை. கேட்பவரைக் கவனித்துப் பார். அவர் எந்த மரத்திலும் ஏறிப் பார்த்ததில்லை. பதில் பேசாதே. அந்த நேரத்தில் ஒரு வரி எழுது.

பெற்றவர்களுக்கும் ஒரு சொல்

அண்ணே, அக்கா, உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளை கிட்டார் கேட்டால் "அதை வெச்சு சோறு பொங்க முடியுமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பசி பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி. ஆனால் பண்ணைப்புரத்துச் சின்னத்தாய் உங்களைவிடப் பசி குறைவாகப் பார்த்தவர் இல்லை. அவர் கொடுத்தது 400 ரூபாய் மட்டுமில்லை, "போ" என்ற ஒரு சொல்லும்தான். காசு இல்லாவிட்டாலும் அந்தச் சொல்லை நீங்கள் கொடுக்கலாம். குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. வயலின் படிக்க ஆசைப்படும் மகளிடம் "கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டு அவள் கையைக் கட்டிப்போடாதீர்கள்.

பறை அடிக்கும் பையனை "படிச்சுட்டு இந்த வேலைக்கு ஏன்டா போற?" என்று கூச வைக்காதீர்கள். அவன் அடிப்பது கணக்கு. எந்த இசைக் கல்லூரியும் மதிக்கும் கணக்கு. அதை எழுதவும் அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அப்போது அவனை அழைக்கிறவர்கள் மரியாதையோடு அழைப்பார்கள்.

தீர்ப்பு

எல்லாரும் லண்டன் மேடைக்குப் போகப் போவதில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. வில்லியனூரில் பத்துப் பேர், பாகூரில் பத்துப் பேர், நெட்டப்பாக்கத்திலும் மண்ணாடிப்பட்டிலும் அரியாங்குப்பத்திலும் பத்துப் பத்துப் பேர் இசையைப் படிக்கவும் எழுதவும் தெரிந்தவர்களாக எழுந்தால் போதும். ஐந்து கொம்யூனின் கூத்தும் மேளமும் தாளில் ஏறும். தாளில் ஏறியதை உலகத்தில் எந்த இசைக்குழுவும் வாசிக்கலாம். இன்றைய பெரியவர்களோடு மண்ணுக்குள் போகவிருக்கும் எத்தனையோ மெட்டுகள் பிழைக்கும்.

உன் பிறப்பு உனக்கு ஊரைக் கொடுத்தது, காதைக் கொடுத்தது. மீதியை நீதான் படித்து வாங்க வேண்டும். கைதட்டு வாங்கிய மேடையை விட்டு இறங்க வெட்கப்படாதே. ஒன்றும் தெரியாதவனாக ஒருவர் முன்னால் உட்காரக் கூசாதே. அந்தக் கூச்சத்தை உதறியவனுக்குத்தான் எண்பத்தொன்றிலும் புதிதாக ஒன்றைத் தொடங்கத் தெம்பு இருக்கும்.

இந்த வார ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டு வாங்கு. ஐந்து கோடு இழு. உன் ஊரில் கேட்ட ஒரு மெட்டை அதில் எழுது. தப்பிருந்தால் திருத்திக்கொள்ளலாம், எழுதாமல் விட்டதை யாராலும் திருத்த முடியாது. எழுது!